காலை அறையில் மூன்று மாத்திரைகள்

மார்ச் 15

உரைக்கும் முன்னரே உள்ளத்தை அறிந்து, அறிந்த பின்னும் வெறாது காக்கும் பரம்பொருளின் திருவடி முன்னிற்க.

தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

ஆறு ஆண்டுகளுக்குப் பின் என் கையெழுத்து உன் வாயிலுக்கு வருகிறது. பிரிக்காமல் திருப்பி அனுப்பும் உரிமை உனக்கு உண்டு. எனினும், முப்பத்திரண்டு ஆண்டுகள் மருத்துவமனை மருந்தகத்தில் நின்றவள் நீ ஒருத்திதான் என் உறவில் இருக்கிறாய். கேட்பதற்கு வேறு நாதியில்லை.

வருகிற இருபத்தோராம் நாள் எனக்குக் குடலிறக்க அறுவைச் சிகிச்சை. அது பெரிய செய்தியன்று. செய்தி இதுதான்: என் மாத்திரைப் பெட்டியில் கை வைக்கப்பட்டிருக்கிறது.

ஏழு நாளுக்குக் காலை, இரவு எனப் பதினான்கு அறைகள் கொண்ட பெட்டி அது. வாரந்தோறும் மருமகள் நிரப்பி என் மேசையில் வைப்பாள். காலை அறையில் நான்கு மாத்திரைகள் இருக்க வேண்டும். நேற்று மூன்றே இருந்தன. கைமறதி என்று எண்ணி மற்ற நாள்களைத் திறந்து பார்த்தேன். ஏழு காலைகளிலும் அதே ஒன்று இல்லை. கைமறதி ஏழு முறை ஒரே இடத்தில் நிகழாது. நாற்பது ஆண்டுகள் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவனுக்கு இதுகூடவா தெரியாது?

அதற்கு முன்தினம் அவள் சமையலறையில் தொலைபேசியில் தாழ்ந்த குரலில் பேசியது என் காதில் விழுந்தது. "அவருக்குத் தெரியாமதான் எடுத்திருக்கேன். பாப்போம், கண்டுபிடிக்காம இருந்தா சரி" என்றாள். மறுநாள் நான் குளித்து வருவதற்குள் அளவு நாடாவுடன் என் அறையில் நிற்கிறாள். கேட்டால், "சும்மா, மாமா" என்கிறாள். சும்மா எவரும் பிறர் படுக்கையை அளப்பதில்லை. மகன் கப்பலில் இருக்கிறான். வர இன்னும் இரண்டு திங்கள் ஆகும். இவ்வீட்டில் நானும் அவளும் மட்டுமே.

நான் செய்ய வேண்டுவது யாதென எழுது. தொலைபேசியில் அழைக்காதே. என் செவிக்கு எட்டாது; அவள் செவிக்கு எட்டும்.

அண்ணன்


மார்ச் 16

அண்ணாவுக்கு,

கடிதம் வந்தது. ஆறு வருடம் கழித்து எழுதியும் "நலமா" என்ற ஒரு சொல் இல்லை. போகட்டும், நான் நலம்.

வீணாகக் கலங்காதீர்கள். அந்தப் பெண் உங்களுக்குக் கெடுதல் நினைப்பவள் இல்லை. பெட்டியில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் சாப்பிடுங்கள். நீங்களாக எதையும் சேர்க்க வேண்டாம், எதையும் குறைக்க வேண்டாம். அறுவைக்கு முந்தைய வாரத்தில் சில மாற்றங்கள் இருப்பது வழக்கம்தான். அன்று காலை ரத்த அழுத்த மாத்திரையை மட்டும் ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கச் சொல்வார்கள். சர்க்கரை மாத்திரையை வேண்டாம் என்பார்கள். சொன்னதைக் கேட்டால் போதும்.

எதிரில் நின்று பேசுவது கேட்காத உங்கள் காதுக்குச் சமையலறைப் பேச்சு மட்டும் இத்தனை துல்லியமாகக் கேட்டிருக்கிறது. மகிழ்ச்சி.

தங்கை


மார்ச் 17

எல்லாம் அறிந்தும் எதுவும் சொல்லாதிருக்கும் இறைவன் துணை.

தங்கைக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை ஆறுதல் தந்தது. இரண்டாம் முறை அதில் ஏதோ உறுத்தியது. மூன்றாம் முறை உறுத்தியது எது என்று பிடிபட்டது.

ஒரு மாத்திரை காணவில்லை என்று மருந்தகத்துக்காரியிடம் சொன்னால் அவள் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி என்ன? "எந்த மாத்திரை?" என்பதுதானே. நான் அதன் பெயரை எழுதவில்லை. நீ கேட்கவும் இல்லை. கேட்காமலே "கலங்காதீர்கள்" என்கிறாய். ஆகவே அது எதுவென்று உனக்கு முன்னமே தெரியும். சமையலறைத் தொலைபேசியின் மறுமுனையில் இருந்தவள் நீ.

அது இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை. நான்கு ஆண்டுகளுக்கு முன் என் நெஞ்சுக் குழாயின் அடைப்பை நீக்கி 'ஸ்டென்ட்' எனும் வலைச்சுருளை வைத்த இதய மருத்துவர், "ஐயா, வேற எத மறந்தாலும் இத ஒரு நாள்கூட மறந்துடாதீங்க" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். அதை வேதவாக்காகக் கொண்டு வருகிறேன். அதை எடுத்துவிட்டு என்னை வெட்டக் கொடுக்கிறீர்கள் இருவரும்.

ஒன்று அறிந்துகொள். நான் ஏமாந்தவன் அல்லேன். மூலத்தில் உள்ளது அச்சில் விடுபட்டால் அதை உரிய இடத்தில் சேர்ப்பது என் தொழில். அந்த மாத்திரையின் பழைய அட்டை ஒன்று என் இழுப்பறையில் இருந்தது. விடுபட்டது காணப்பட்ட அன்றே சேர்த்துவிட்டேன். பதினான்காம் நாள் முதல் இன்றுவரை காலைதோறும் ஐந்தையும் ஒரே மடக்கு நீரில் விழுங்கி, நலமாகவே இருக்கிறேன். அவளுக்குத் தெரியாது.

உண்மையை எழுது.

அண்ணன்


மார்ச் 18

அண்ணா,

கடிதம் படித்து முடித்ததும் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்குப் பயந்து இல்லை, உங்களுக்காகப் பயந்து.

ஆம், மறுமுனையில் இருந்தவள் நான்தான். ஒளிக்கவில்லை. அறுவை மருத்துவரும் உங்கள் இதய மருத்துவரும் பேசி முடிவெடுத்து, ஏழு நாள் அதை நிறுத்தச் சொன்னார்கள். உங்கள் முன்னிலையில்தான் சொன்னார்கள். காதுக் கருவியைப் போடாமல் போய், அத்தனைக்கும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள். வீட்டில் மருமகள் எடுத்துச் சொன்னபோது, "இதய மருத்துவர் ஒரு நாளும் நிறுத்தாதே என்றார்" என்று சொல்லி எழுந்து போய்விட்டீர்களாம். அவள் எனக்குப் போன் செய்து, "அத்தை, சொன்னா கேக்க மாட்டேங்கறார். நான் என்ன பண்ணட்டும்?" என்று அழுதாள். "சொல்லாம எடுத்துடு. அவர் எண்ணிப் பாக்கவா போறார்?" என்றேன். நீங்கள் எண்ணிப் பார்ப்பவர் என்பதை ஆறு வருடத்தில் மறந்துவிட்டேன். அந்தத் தவறு என்னுடையது, அவளுடையது இல்லை.

அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது கத்தி பட்டால் ரத்தம் எளிதில் நிற்காது. அதற்காகத்தான் நிறுத்துவது. இன்றே நிறுத்துங்கள். ஐந்து நாள் சாப்பிட்டதை மருத்துவரிடம் சொல்லுங்கள். தேதியை மாற்றுவதா வேண்டாமா என்று அவர் பார்த்துக்கொள்வார்.

இன்னொன்று. நீங்கள் மட்டும்தான் எண்ணுவீர்களா? பெட்டியில் மூன்று, நீங்கள் சேர்த்தது ஒன்று. என் கணக்கில் நான்குதான் வருகிறது. ஐந்து விழுங்கியதாக எழுதியிருக்கிறீர்கள்.

அந்த ஐந்தாவது என்ன?

தங்கை


மார்ச் 19

சத்தியமே வடிவான இறைவன் துணை.

தங்கைக்கு,

ஐந்தாவது மருந்தன்று. மருத்துவச் சீட்டின்றிக் கடையில் எவருக்கும் கொடுப்பது; இலைச்சாற்றால் ஆனது. குப்பியின் மேலேயே இயற்கையானது என்று பொறித்திருக்கிறது. அதைப் பற்றி நீ கேட்க வேண்டியதில்லை.

இருவரும் கூடி என்னைச் சிறு குழந்தையாக்கிவிட்டு, இப்போது "மருத்துவர் சொன்னார்" என்கிறாய். நான் எப்படி நம்புவேன்? சொல்லாமல் எடுப்பதில் நீ கைதேர்ந்தவள் அல்லவா? உன் கணவராகிய மாப்பிள்ளையின் வயிற்றில் புற்றுக் கட்டி வளர்ந்தபோது "வெறும் புண்தான், ஆறிவிடும்" என்று பத்து மாதம் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தவள் நீ. அவரை எடுத்துப்போகும் நாளில் முற்றத்தில் நின்று நான் கேட்டது இப்போதும் நினைவிருக்கிறது. தன் நோயின் பெயர்கூடத் தெரியாமல் ஒரு மனிதனை அனுப்பிவிட்டாயே என்று கேட்டேன். அன்றோடு நம் பேச்சு நின்றது.

இன்றும் மாத்திரையை விழுங்கினேன். நாளையும் விழுங்குவேன். இதய மருத்துவர் என் கையைப் பிடித்துச் சொன்னார். நீங்கள் இருவரும் என் முதுகுக்குப் பின்னால் சொல்கிறீர்கள்.

அண்ணன்


மார்ச் 20. கூரியரில், அவசரம்

அண்ணா,

முற்றத்தில் கேட்டதைத் திரும்பவும் கேட்டுவிட்டீர்கள். அதற்குப் பதில் சொல்ல இப்போது நேரமில்லை.

அந்தக் குப்பி எதுவென்று ஊகித்துவிட்டேன். ஞாபகசக்திக்காக விற்கிறார்களே, விசிறி போல் இலை உள்ள மரத்தின் சாறு, அதுதானே? இலையோ வேரோ, உடம்புக்குள் போய் வேலை செய்தால் அது மருந்துதான். அதுவும் ரத்தத்தை உறையவிடாமல் செய்யக்கூடியது. ஏற்கெனவே விழுங்குவதோடு இதுவும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும்? அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்லும் சரக்கு அது. சீட்டில்லாமல் வாங்குவதைத்தான் யாரும் மருத்துவரிடம் சொல்வதில்லை. மருந்தகத்தில் இருந்த காலமெல்லாம் நான் பயந்தது இதற்குத்தான்.

எதற்காக வாங்கினீர்கள் என்று கேட்கமாட்டேன். விடியுமுன் நூறு பாட்டுகளைப் புத்தகம் தொடாமல் ஓதுகிறவருக்கு அது எதற்கு என்று நானே யோசித்துக்கொள்கிறேன்.

ஒருமுறை உங்கள் பின்னால் பேசியதே போதும். மருமகளுக்கு இப்போது நான் போன் செய்யமாட்டேன். ஆனால் நாளைக் காலை எட்டு மணிக்கு மருத்துவமனைக்குப் போன் செய்து மயக்க மருத்துவரிடம் பேசுவேன். அதற்குள் நீங்களே சொல்லியிருந்தால் நான் ஒன்றும் பேசப்போவதில்லை. இதை மறைக்காமல் உங்களுக்கே எழுதுகிறேன். பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை


மார்ச் 22

நாணத்தையும் ஞானத்திற்கு வழியாக்கும் இறைவன் திருவடி போற்றி.

தங்கைக்கு,

இதை வீட்டிலிருந்து எழுதுகிறேன். உடலில் கத்தி படவில்லை.

உன் கடிதம் முந்தைய மாலையே வந்துவிட்டது. படித்து, இதுவும் ஒரு சூழ்ச்சி என்று மடித்து வைத்தேன். விடிகாலையில் மருத்துவமனைக்குச் சென்றோம். பச்சை அங்கியை உடுத்தி, சக்கரப் படுக்கையில் ஏற்றி, ஓர் அறையில் வரிசையாக எங்களை நிறுத்தியிருந்தார்கள். என்னையும் சேர்த்து நால்வர். பொட்டலம் கட்டிய சரக்கைப் போல ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு சீட்டு. மயக்க மருத்துவர் வந்தார். இளம்பெண். கேள்விகளை உரக்கவும் நிதானமாகவும் கேட்டார். என் கருவியும் காதில் இருந்தது.

"ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை நிறுத்தியாச்சா?"

நான் வாய் திறக்குமுன் மருமகள் முந்திக்கொண்டாள். "நிறுத்தியாச்சு டாக்டர். சரியா ஏழு நாள். நான்தான் மாத்திரை எடுத்து வைக்கறேன். நான் பொறுப்பு."

நான் பொறுப்பு என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணின் கீழ் கருவளையம், இரவெல்லாம் உறங்கியிருக்கமாட்டாள். மருத்துவர் அதைத் தம் தாளில் எழுதினார். கரிய தடித்த எழுத்தில் ஒரு பொய் என் கண்முன் அச்சேறுகிறது. அதைச் சொன்னவளுக்கு அது பொய்யென்று தெரியாது. மேசையின்மேல் என் இரத்தம் நிற்காமல் போனால், உலகம் கேட்கப்போவது அவளைத்தான்.

"இல்லம்மா," என்றேன். "நான் நேத்து வரைக்கும் சாப்பிட்டேன்."

"மாமா!"

"அவளுக்குத் தெரியாது டாக்டர். அவ எடுத்து வெச்சா, நான் திரும்பச் சேத்துக்கிட்டேன். இன்னொண்ணும் இருக்கு. ஞாபகத்துக்குன்னு ஒரு குப்பி. நாலு மாசமா."

மருத்துவர் எழுதுகோலை வைத்துவிட்டார். "இப்பவாவது சொன்னீங்களே ஐயா. வேற ஏதாவது இருக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சொல்லாம வெச்சிருக்கறதுதான் எங்களுக்கு ஆபத்து" என்றார். வேறு இல்லை என்றேன். இரண்டு வாரம் தள்ளி, ஏப்ரல் நான்காம் நாளைக் குறித்துக் கொடுத்தார். எட்டு மணிக்குச் செவிலி ஒருவர் வந்து சிரித்துக்கொண்டே, "ஒரு அம்மா போன் பண்ணாங்க. 'எங்கண்ணன் சொல்லிட்டாரா'ன்னு கேட்டாங்க. சொல்லிட்டார்னேன். 'சரி'ன்னு வெச்சுட்டாங்க" என்றார்.

திரும்பும் வழியில் மருமகள் வண்டியை ஓட்டினாள். சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் கேட்டாள்.

"நான் உங்களுக்குக் கெடுதல் பண்றேன்னு நெனச்சீங்களா?"

"நெனச்சேன்."

"எத்தன நாளா?"

"ஏழு."

"ஏழு நாளும் மூணு வேளையும் என் கையாலதானே மாமா சாப்பிட்டீங்க? அதுல எதாவது கலந்திருப்பேன்னு தோணலையா?"

"தோணிச்சு. ஆனா பசிச்சுதும்மா."

ஒரு கணம் என்னை முறைத்தாள். பிறகு ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். பச்சை விளக்கு வந்தும் சிரித்தாள். பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஒலியெழுப்பின. "நீங்க கடவுள் எழுதினதையும் மெய்ப்புத் திருத்தி, ஓரத்துல கேள்விக்குறி போட்டு அனுப்புவீங்க" என்றாள்.

படுக்கையை அளந்தது, அறுவைக்குப் பின் நான் குனியாமல் எழும்படி உயரமான கட்டில் வாங்கவாம். அது நேற்று வந்துவிட்டது. அதில் அமர்ந்துதான் எழுதுகிறேன்.

நீ ஊகித்தது சரி. நான்கு திங்களாக ஓதும்போது அடிகள் நழுவுகின்றன. ஐம்பது ஆண்டு நாவில் இருந்த வரி, வாசலில் நின்று உள்ளே வர மறுக்கிறது. பெட்டியில் மூன்றைக் கண்ட அன்று எனக்கு முதலில் தோன்றிய அச்சம் என்ன தெரியுமா? நானே ஒன்றை விழுங்கிவிட்டு மறந்தேனோ என்பது. அந்த அச்சத்தைச் சுமக்க இயலாமல்தான் அதை அவள்மேல் இறக்கினேன்.

என்னைப் பொறுத்துக்கொள்.

அண்ணன்


மார்ச் 26

அண்ணா,

எட்டு மணிக்குப் போனை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். எழுதத் தேவையில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

இனி ஒரு தாள் எடுத்து, வாய்வழியோ தோல்வழியோ உங்கள் உடம்பில் சேரும் அத்தனையையும் எழுதுங்கள். இருமலுக்குச் சப்பும் மிட்டாய், முழங்காலுக்குத் தடவும் எண்ணெய், யாரோ நல்லது என்று கொடுத்த பொடி, எதையும் விடாதீர்கள். எது மருந்து, எது இல்லை என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். ஒரு படி மருமகளிடம், ஒரு படி மருத்துவரிடம், ஒன்று உங்கள் சட்டைப்பையில். அந்த ரத்த மாத்திரையை எப்போது நிறுத்துவது, மறுபடி எப்போது தொடங்குவது என்பதையும் அவரிடமே எழுதி வாங்குங்கள். நிறுத்துவதைப் போலவே தொடங்க மறப்பதும் ஆபத்துதான். நான் மருமகளுக்குப் போன் செய்தேன். இந்தமுறை, உங்களுக்கும் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டே பேசினேன். ஞாபகத்துக்கு நல்ல நரம்பு மருத்துவர் ஒருவரைப் பார்க்கலாம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

ஆனால் எனக்கு இன்னொரு சந்தேகம் இருக்கிறது. எழுபது வயதில் நீங்கள் முதல்முறையாக "பொறுத்துக்கொள்" என்று எழுதியிருக்கிறீர்கள். மாத்திரைக்காக மட்டும் அந்தச் சொல் உங்களிடமிருந்து வராது. அந்த டாக்டர் பெண் "வேறு ஏதாவது இருக்கா" என்று கேட்டபோது "இல்லை" என்றீர்களாமே. மருமகள் சொல்கிறாள், அதற்குமுன் வெகுநேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தீர்களாம்.

என்ன அது?

தங்கை


ஏப்ரல் 3. கூரியரில், இன்றே

ஒளித்ததை வெளிக்கொணர்ந்து, வெளிவந்ததை ஒறுக்காது ஏற்கும் அருட்கடலே துணை.

தங்கைக்கு,

தாள் எழுதியாயிற்று. பதினொரு பொருள்கள். மூக்கில் இடும் சொட்டு மருந்தையும், நான் நாளிதழ் படிக்கும் நூலகத்தில் ஒருவர் கொடுத்த தேன் குப்பியையும்கூட எழுதிவிட்டேன். மருத்துவர் படித்துவிட்டு, "எல்லாரும் இப்படிக் கொண்டுவந்தா எங்க வேல பாதியாயிடும்" என்றார். குப்பி இருபதாம் நாளோடு நின்றது; இரத்த மாத்திரை, மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி, இருபத்தேழாம் நாளோடு நின்றது. நாளைக் காலை ஆறு மணிக்குப் புறப்படுகிறோம். நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அந்தப் படுக்கையில் படுக்க எனக்கு மனமில்லை.

மாப்பிள்ளைக்குத் தெரியும்.

அவர் இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு நீ மருந்தகத்துக்குப் போயிருந்த பகலில் அவருடன் இருந்தேன். ஜன்னல் பக்கம் திரும்பியபடி கேட்டார்: "மச்சான், நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. இது புண்ணுதானா?" நான் சொல்லிவிட்டேன். கட்டியின் பெயரையும் சொன்னேன். அழவில்லை. பின் என் கையைப் பற்றி, "அவளுக்குச் சொல்லிடாதீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுதான் அவ தைரியமா இருக்கா. அது போச்சுன்னா அவ உடைஞ்சுடுவா" என்றார். வாக்குக் கொடுத்தேன்.

அதற்குப் பின் ஒரு மாதம் நீ "ஆறிடும்" என்று சொல்லும்போதெல்லாம் அவர் "ஆமா, இன்னிக்குக் கொஞ்சம் பரவால்ல" என்றது நினைவிருக்கிறதா? அது உன்னை நம்பிச் சொன்னதன்று. உனக்காகச் சொன்னது.

முற்றத்தில் உன்னைக் கேட்டேனே, அக்கேள்விக்கு உரிய பதில் என் நெஞ்சில் இருந்தது. உண்மையைச் சொன்னவன் நான் என்ற செருக்கும், அதைச் சொல்லி ஒருவரின் கடைசி மாதத்தைப் பாழாக்கினேனோ என்ற பயமும் என்னுள் மோதிக்கொண்டிருந்தன. இரண்டையும் சுமக்க முடியாமல் எல்லார் முன்னிலையிலும் உன்மேல் வீசினேன். வாக்கைக் காக்கிறேன் என்று ஆறு ஆண்டுகள் வாய்மூடியிருந்தேன். அவர் கேட்ட வாக்கு உன் தைரியத்தைக் காக்க. நான் அதைக் கொண்டு என்னைக் காத்துக்கொண்டேன்.

நீ ஏமாற்றி அனுப்பிய மனிதர் எவரும் இல்லை, தங்கையே. அவர் அறிந்தே இருந்தார்; அறிந்தே உன் கையால் கஞ்சி குடித்தார்; அறிந்தே உன்னைப் பார்த்துச் சிரித்தார். இதை நீ எப்படி ஏற்பாய் என அறியேன். சினந்தால் அது நியாயம். நாளை நான் கண்விழிக்கும்போது நீ அங்கிருந்தாலும், இல்லாவிட்டாலும், இது உன் கையில் இருக்க வேண்டும்.

இதை மடிக்குமுன் மருமகளிடம் படித்துக் காட்டினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அத்தைக்கு நாளைக்குக் காலை பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுடட்டுமா? வந்தா வரட்டும், இல்லன்னா கேன்சல் பண்ணிக்கலாம்" என்றாள். போடு என்றேன்.

நீ நீடு வாழ்க. உன் இல்லத்தில் விளக்கும் நீரும் குறையாதிருக்க. இக்கடிதம் எவர் கையில் விரிந்தாலும், அவர் மனையில் நோய் தணிக. நோயுற்றோர் தம் படுக்கையருகில் ஒளியாது பேசத் துணை பெறுக. சொன்னவர் நாவும் கேட்டவர் நெஞ்சும் ஒருசேர இளைப்பாறுக. எல்லாம் வல்லவன் அருள் உங்கள் வாயிலில் தங்குக.

அண்ணன்